கடலில்லா நேபாளத்தின் சரக்குப் போக்குவரத்து: முடிச்சு எல்லையில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

பேரேடு:

அனைவருக்கும் வணக்கம். காத்மாண்டுவில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் கணக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே இருந்த காலம் முழுவதும் எனக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்: நேபாளத்துக்குப் போகும் சரக்கு சிக்கி நிற்கும் முடிச்சு எல்லையில் இருக்கிறதா, நாட்டுக்கு உள்ளே இருக்கிறதா?

கடற்கரை இல்லாத நாட்டில் சரக்குக் கூலி கூடுதலாகத்தான் இருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொலைவு கூடினால் வாடகை கூடும் என்பது சரிதான். ஆனால் நேபாளத்தின் செலவைத் தொலைவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கணக்கு நேராவதில்லை. கொல்கத்தாத் துறைமுகத்திலிருந்து எல்லையூரான பீர்கஞ்சுக்கு ரயில் பாதை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தொலைவுதான். தில்லியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் குஜராத் துறைமுகங்களிலிருந்து இதைவிட வெகு தொலைவில் இருந்துகொண்டுதான் உலகச் சந்தையில் விற்கின்றன.

ஒரு பெட்டியின் பயணத்தைச் சொல்கிறேன். சீனாவிலிருந்து புறப்படும் கன்டெய்னர் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ சிறிய கப்பலுக்கு மாறுகிறது. ஹூக்ளி ஆற்றுக்குள் இருக்கும் கொல்கத்தாவுக்குப் பெரிய கப்பல் வர ஆழம் போதாது. அங்கே இறங்கிய பெட்டி, இடைவழிப் பத்திரங்கள் (ஒரு நாட்டின் ஊடாக இன்னொரு நாட்டுக்குச் சரக்கு கடந்து போவதற்கான தாள்கள்) முடிந்து, ரயிலில் எல்லையின் இந்தியப் பக்கத்து ஊரான ரக்ஸௌல் வழியாக பீர்கஞ்சை அடுத்த சிர்சியா உலர் துறைமுகத்துக்கு (கடலில்லாத இடத்தில் கன்டெய்னர்களை இறக்கிக் கையாளும் முனையம்) வருகிறது. அங்கே சுங்கம், அதை அங்குள்ளவர்கள் பன்சார் என்கிறார்கள். பிறகு பெரும்பாலான சரக்கு லாரிக்கு மாறி ஹேடௌடா, நாராயண்காட், முக்லிங் வழியாக காத்மாண்டுவுக்கு ஏறுகிறது. பறவை பறக்கும் கணக்கில் பீர்கஞ்சுக்கும் காத்மாண்டுவுக்கும் இடையே 90 கிலோமீட்டர்தான். லாரி போகும் பாதையோ ஏறத்தாழ 280.

இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் சரக்கு நிற்கிறது. துறைமுகத்தில் நிற்கிறது, ரயில் கிடைக்காமல் நிற்கிறது, பன்சாரில் நிற்கிறது, லாரியின் முறை வரும்வரை நிற்கிறது, மலைப் பாதையில் மண் சரிந்தால் அங்கும் நிற்கிறது. நான் எழுதிய பேரேட்டில், சரக்கு நகர்ந்ததற்காகக் கொடுத்த பணத்தோடு அது நின்றதற்காகக் கொடுத்த பணத்தை ஒப்பிட்டுப் பார்த்து மலைத்துப்போன மாதங்கள் உண்டு.

காத்மாண்டுவில் இதைப் பற்றிப் பேசினால் பத்தில் எட்டுப் பேர் இந்தியாவைக் குறை சொல்வார்கள். மீதி இருவர், பெரும்பாலும் வணிகர்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, உள்நாட்டு லாரிச் சங்கங்களின் பிடியைச் சொல்வார்கள். என் மனம் அந்த இருவர் பக்கம் சாய்கிறது. துறை அறிந்தவர்கள் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உப்பளக்காற்று:

பேரேடு ஐயா, நான் தூத்துக்குடியில் இருபது ஆண்டுகளாகச் சுங்கத் தரகு வேலை பார்க்கிறேன். நேபாளச் சரக்கைக் கையாளும் கொல்கத்தாத் தரகர்கள் சிலரோடு தொழில்முறைப் பழக்கம் இருப்பதால், நீங்கள் ஒரே சொல்லில் கடந்துவிட்ட ‘இடைவழிப் பத்திரங்கள்’ பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நேபாளத்துக்குப் போகும் மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு, அதாவது இந்தியா அல்லாத பிற நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு, இந்தியா தீர்வை வாங்குவதில்லை. அதனாலேயே, அந்தச் சரக்கு வழியில் பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ இறங்கி விற்பனையாகிவிடக் கூடாதே என்ற கவலை இந்தியச் சுங்கத்துக்கு எப்போதும் உண்டு. இரு நாட்டு எல்லை 1,751 கிலோமீட்டர் நீளம். மக்கள் கடவுச்சீட்டு இல்லாமல் இருபுறமும் நடந்து போய்வருகிறார்கள். ஆகவே அந்தக் கவலை வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கவலையின் விலையைத்தான் நேபாள இறக்குமதியாளர் நெடுங்காலமாகச் செலுத்தி வந்தார்: ஒவ்வொரு சரக்குக்கும் துறைமுகத்தில் தனி இடைவழி அறிவிப்பு, அதற்குக் காப்புறுதி, முத்திரை சரிபார்ப்பு, எல்லையில் மறுபடியும் முத்திரை சரிபார்ப்பு, சான்றிட்ட படி கொல்கத்தாவுக்குத் திரும்பினால்தான் கணக்கு முடியும் என்ற நிலை. ஒரு தாளில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் இரண்டு மூன்று நாட்கள் போய்விடும்.

2019 முதல் மின்னணுக் கண்காணிப்புப் பூட்டு வந்திருக்கிறது. பெட்டி எங்கே நிற்கிறது, யாராவது திறந்தார்களா என்பது திரையில் தெரிகிறது; பெட்டியை எல்லைவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பைக் கப்பல் நிறுவனமே ஏற்கிறது. கொல்கத்தாவில் செலவாகும் நாட்களை இது உண்மையாகவே குறைத்தது. 2021-இல் ரயில் சேவை ஒப்பந்தத்தைத் திருத்தி, தனியார் உள்ளிட்ட மற்ற கன்டெய்னர் ரயில் இயக்குநர்களுக்கும் வழிவிட்டார்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒரு செலவு, காலிப் பெட்டி. நேபாளத்தின் இறக்குமதி மதிப்பு ஏற்றுமதியைப்போல் பல மடங்கு. நிறைந்து வந்த பெட்டி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்புகிறது. அந்தத் திரும்பு பயணத்தின் செலவும் வந்த சரக்கின் தலையில்தான் விழும். கப்பல் நிறுவனம் தரும் இலவச நாட்கள் தீர்ந்த பிறகு, காலிப் பெட்டி திரும்பி வந்து சேரும்வரை ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். நின்றதற்குக் கொடுத்த பணம் என்று நீங்கள் எழுதியதில் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

2016-இல் விசாகப்பட்டினத்தையும் நேபாளச் சரக்குக்குத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து பீர்கஞ்சுக்கு 1,400 கிலோமீட்டர்; கொல்கத்தாவைப்போல் இரு மடங்கு. இருந்தும் வணிகர் பலர் அங்கே மாறினார்கள், ஏனென்றால் பெரிய கப்பல் நேராக வருகிறது, நெரிசல் குறைவு, எந்த நாளில் சரக்கு வரும் என்று ஓரளவு சொல்ல முடிகிறது. தொலைவு பெரிதல்ல என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சங்ககிரிச் சாலை:

நான் லாரிக் குடும்பத்துப் பெண். அப்பாவிடம் மூன்று வண்டிகள் இருந்தன. வடநாட்டு லோடுதான் எங்களுக்குப் பிழைப்பு. முடிச்சு உள்ளேதான் இருக்கிறது என்ற பேச்சை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன், அதற்குக் காரணம் 2015.

அந்த ஆண்டு செப்டம்பரில் கோயம்புத்தூர் பம்புசெட்டுகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி ரக்ஸௌல் போய்ச் சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் ஒரு கிடங்கில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் பீகாரில் மக்காச்சோளம் ஏற்றி வருவதாக ஏற்பாடு. நேபாளத்தின் புதிய அரசமைப்பு அந்த மாதம் 20-ஆம் தேதி வெளியானது. அதில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று நாட்டின் தென்பகுதியான தராய் சமவெளியின் மாதேசி மக்கள் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தார்கள். பிறகு பீர்கஞ்சுக்கும் ரக்ஸௌலுக்கும் நடுவிலுள்ள மைத்ரிப் பாலத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்தியா மறைமுகமாகப் பொருளாதார முற்றுகை போடுகிறது என்று காத்மாண்டு சொன்னது. தாங்கள் எதையும் தடுக்கவில்லை, பாதுகாப்பு இல்லாததால் ஓட்டுநர்கள் போகவில்லை என்று தில்லி சொன்னது. இரண்டு அரசுகளின் வாதங்களையும் தொலைக்காட்சியில் கேட்டபடி, எங்கள் ஓட்டுநரும் கிளீனரும் பதினேழு நாட்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தது. இறுதியில் சரக்கை வேறொரு ஊரில் கிடங்கு வாடகைக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினார்கள். நிறுத்தக் கூலி தருவதாகச் சொன்ன இடைத்தரகர் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. வண்டிக் கடனின் மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

எங்கள் இழப்பைப் பெரிதாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த ஏப்ரலில்தான் ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கம் நேபாளத்தில் நடந்திருந்தது. கூரை இழந்த மக்கள் குளிர்காலத்தை எதிர்கொண்டிருந்த நேரத்தில் எரிவாயுவும் டீசலும் மருந்தும் நின்றுபோயின. 2016 பிப்ரவரி வரை அது நீடித்தது. ஒரு நாட்டின் அடுப்பு எரிவது ஒரு பாலத்தின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றால், அந்த நாட்டின் முதல் முடிச்சு எல்லையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடற்சட்டம்:

சங்ககிரிச் சாலை அம்மா எழுதியதை வாசித்தபோது மனம் கனத்துப்போயிற்று. நான் யாழ்ப்பாணத்தில் சட்டம் கற்பிப்பவன்; கடற்சட்டம் என் பாடம். சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக வைக்கிறேன்.

1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 10-ஆம் பகுதி கரையில்லா நாடுகளுக்கென்றே எழுதப்பட்டது. 125-ஆம் உறுப்புரை அந்நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும், இடைவழி நாடுகளின் ஊடாகச் சரக்கைக் கொண்டுசெல்லும் சுதந்திரத்தையும் தருகின்றது. 127-ஆவது, செய்த சேவைக்கான கட்டணம் தவிர வேறு வரி வாங்கக் கூடாது என்கின்றது. இவ்வளவோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதே 125-ஆம் உறுப்புரை, இந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இரு நாடுகளும் தமக்குள் உடன்படிக்கை செய்து தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்றும், இடைவழி நாடு தன் நியாயமான நலன்களைக் காக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கின்றது. ஆகவே உரிமை பன்னாட்டுச் சட்டத்தில் இருந்தாலும், அதன் திறவுகோல் இருதரப்பு உடன்படிக்கையில் இருக்கின்றது. அந்த உடன்படிக்கைக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

1989 மார்ச்சில் நடந்தது அதுதான். 1978-இல் செய்யப்பட்ட வணிக, இடைவழி உடன்படிக்கைகள் காலாவதியாயின. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று இந்தியா கேட்டது. நேபாளம் தனித்தனியாகவே வேண்டும் என்று நின்றது. ஒன்றாக இருந்தால், வணிகத்தில் எழும் பிணக்கு கடல் வழியையும் சேர்த்து மூடிவிடும் என்பதே நேபாளத்தின் அச்சம். சீனாவிடமிருந்து நேபாளம் ஆயுதம் வாங்கியது பற்றிய தில்லியின் கோபமும் பின்னணியில் இருந்தது. எல்லையில் இருந்த 15 இடைவழி வாயில்களில் 13 மூடப்பட்டன. மண்ணெண்ணெய் கிடைக்காத மக்கள் காட்டு மரத்தை வெட்டி அடுப்பெரித்தார்கள். மறு ஆண்டு அரசருக்கு எதிரான மக்கள் எழுச்சி வந்த பின்னரே நிலைமை சீரடைந்தது. தனி இடைவழி உடன்படிக்கை 1991 டிசம்பரில் கிடைத்தது. அது புதுப்பிக்கப்பட்டு வந்து, கடைசியாக 2023 ஜூனில் புதிய வடிவில் கைச்சாத்தானது. உள்நாட்டு நீர்வழிகளையும் நேபாளம் பயன்படுத்த அதில் இடம் உண்டு.

பேரேடு அவர்களே, நீங்கள் நாட்களைக் கணக்கிடுகிறீர்கள். அது தேவையான கணக்கு. ஆனால் ஒரு தலைமுறைக்குள் இருமுறை வழி அடைபட்ட நாட்டில் வணிகம் செய்பவர், அடைபடாத நாட்களிலும் அந்த அச்சத்துக்கு ஒரு விலை வைத்துத்தான் கிடங்கில் கூடுதல் சரக்கு வைப்பார். அந்த விலை உங்கள் பேரேட்டில் எந்தத் தலைப்பிலும் வராது.

பேரேடு:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிறுவனம் தேவைக்கு மேல் சரக்கை வாங்கி வைத்திருந்ததை நான் முதலாளியின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது 2015 கற்றுத்தந்த பாடம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆனாலும் உள்நாட்டுப் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. நேபாளத்தில் வண்டி உரிமையாளர்களின் குழுக்கள் ஒவ்வொரு வழித்தடத்தையும் தமக்குள் பங்கிட்டு வைத்திருந்தன. பேருந்தானாலும் லாரியானாலும், குழுவில் சேராதவர் அந்தத் தடத்தில் வண்டி ஓட்ட முடியாது. சேர்வதற்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். சேர்ந்த பிறகு முறை வரும்வரை நிற்க வேண்டும். வாடகையைக் குழுவே முடிவு செய்யும். இதை அங்கே சிண்டிகேட் என்றே அழைக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி, இந்தக் குழுக்கள் தொண்டு நிறுவனங்களைப்போல் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகி இருந்தன என்பதுதான். கூலி நிர்ணயித்துப் பணம் ஈட்டும் அமைப்புக்கு, கம்பெனிகளுக்குரிய வரிக் கணக்கோ தணிக்கையோ அந்த வடிவில் இல்லை.

2018 வசந்தத்தில் அரசு துணிந்து அந்தப் பதிவைப் புதுப்பிப்பதை நிறுத்தி, கம்பெனியாகப் பதிந்துகொண்டு தொழில் செய்யச் சொன்னது. குழுக்கள் வண்டிகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தன; அரசு சில தலைவர்களைக் கைது செய்து வங்கிக் கணக்குகளை முடக்கியது; சில நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. மக்கள் அப்போது அரசின் பக்கம் நின்றார்கள். ஆனால் காகிதத்தில் கம்பெனியான குழுக்கள் பல இடங்களில் பழைய முறைவரிசையையே தொடர்ந்ததை நானே பார்த்தேன். சரக்கு பன்சாரைக் கடந்து கிடங்கு வாசலில் கிடக்கும், எங்களுக்குத் தெரிந்த லாரிக்காரர் வரத் தயாராக இருப்பார், ஆனால் அவருடைய முறை நாளை மறுநாள்தான் என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு எந்த வெளிநாடும் பொறுப்பு அல்ல.

சங்ககிரிச் சாலை:

ஐயா, நீங்கள் சரக்கு அனுப்புபவரின் இடத்தில் நின்று பார்க்கிறீர்கள். நான் ஒரு வண்டி வைத்திருப்பவரின் இடத்தில் நிற்கிறேன். முறைவரிசை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஐம்பது வண்டி வைத்திருப்பவர் நட்டத்துக்கு வாடகை பேசி லோடைப் பிடித்துக்கொள்வார். ஒற்றை வண்டிக்காரர் டீசல் காசுக்குக்கூடக் கட்டாத வாடகைக்கு ஓட்டி, அதை ஈடுகட்ட அதிக எடை ஏற்றி, தூங்காமல் ஓட்டி, ஒரு நாள் வண்டியோடு பள்ளத்தில் கிடப்பார். நேபாளத்தில் வண்டி வைத்திருப்பவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரே ஒரு வண்டி வாங்கியவர்கள் என்று எங்கள் ஓட்டுநர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காத்மாண்டுவுக்கு ஏற்றிச்சென்ற வண்டி திரும்பும்போது வெறுமனேதான் இறங்குகிறது. உப்பளக்காற்று ஐயா காலிப் பெட்டிக்குச் சொன்ன கணக்கு அப்படியே காலி லாரிக்கும் பொருந்தும். ஒரு வழி வாடகையில் இரு வழிச் செலவையும் பார்க்க வேண்டியவர், தன் முறையை விட்டுக்கொடுக்க மறுப்பதில் எனக்கு வியப்பில்லை.

குழுத் தலைவர்கள் அடித்த கொள்ளையை நான் ஆதரிக்கவில்லை. அதை ஒழிக்கும்போது ஒற்றை வண்டிக்காரருக்குக் குறைந்தபட்ச வாடகை என்ற காப்பாவது வேண்டும் என்கிறேன்.

கொண்டை ஊசி வளைவு:

நீலகிரியில் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சாலைத் திட்டத்தின் ஆலோசகர் குழுவில் நேபாளத்தில் இரண்டு மழைக்காலங்களைக் கழித்திருக்கிறேன். எல்லையைப் பற்றியும் சங்கங்களைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டீர்கள். காலடியில் இருக்கும் மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

1956-இல் திரிபுவன் ராஜபாதை திறக்கும்வரை காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு வெளியிலிருந்து மோட்டார் சாலையே கிடையாது. முன்பு நாட்டை ஆண்ட ராணாக்களின் மோட்டார் கார்களைக்கூட மலையடிவார ஊரான பீம்பேதியிலிருந்து சுமைகூலியாட்கள் மூங்கில் கழிகளில் கட்டித் தோளில் தூக்கி, மலை கடந்து கொண்டுபோனார்கள். தெற்கே ரக்ஸௌலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 1927-இல் ஒரு சிறு ரயில் பாதை இருந்தது. சாலை வந்த பிறகு அது மூடப்பட்டது. இந்தியா கட்டிய ராஜபாதை, ஹேடௌடாவிலிருந்து 2,400 மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. சுமை லாரிக்கு அது கொடுமையான ஏற்றம். ஆகவே 1970-களிலும் 80-களிலும் சீன உதவியால் அமைந்த பிருத்வி நெடுஞ்சாலையும் நாராயண்காட்–முக்லிங் இணைப்பும் வந்ததும், சரக்கு முழுவதும் சுற்றுப் பாதைக்கு மாறிவிட்டது. ஏற்றம் குறைந்தது, ஆனால் தலைநகரின் உயிர் முழுவதும் திரிசூலி ஆற்றின் கரையைப் பிடித்துப் போகும் ஒரே பாதையில் தொங்கலாயிற்று.

இமயம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளைய மலை. பாறை உடைந்தது, சரிவு செங்குத்து, மழை முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர்வரை கொட்டித் தீர்க்கிறது. மேலே சரிவை வெட்டிச் சாலையை அகலப்படுத்தினால் மண் கீழே வரும். கீழே ஆறு அடிவாரத்தை அரித்தால் சாலையே ஆற்றுக்குப் போகும். 2024 ஜூலை 12 விடியற்காலையில் நாராயண்காட்–முக்லிங் பாதையில் சிமல்தால் என்னுமிடத்தில் மண் சரிந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்களோடு இரண்டு பேருந்துகள் திரிசூலியில் அடித்துச்செல்லப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் இறுதிப் பெருமழையில், காத்மாண்டுவை நெருங்கி நெரிசலில் நின்ற வண்டிகள்மீது ஜ்யாப்லே ஓடையருகே மலை சரிந்து பலர் மாண்டனர். அந்த மழையே கிழக்கே ஜப்பான் கட்டிக்கொடுத்த பி.பி. நெடுஞ்சாலையையும் பல இடங்களில் அறுத்துப்போட்டது. பேரேடு ஐயா நின்ற நாட்களைக் கணக்கிட்டார். நிற்கும் வண்டியின்மேல் மலை விழும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செய்ய வழி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிருத்வி நெடுஞ்சாலையில் 2000-ஆம் ஆண்டு பல நாட்கள் போக்குவரத்தை அடைத்த கிருஷ்ணபீர் சரிவை, வடிகாலும் தடுப்புச் சுவரும் புல்லும் மரமுமாகச் சேர்த்து அடக்கிக் காட்டியவர்கள் அந்த நாட்டுப் பொறியாளர்களே. ஆனால் பராமரிப்புக்கு நாடா வெட்டும் விழா இல்லை, ஆகையால் பணமும் வருவதில்லை. காத்மாண்டுவிலிருந்து தெற்குச் சமவெளியிலுள்ள நிஜ்கட்டுக்குச் சுமார் 70 கிலோமீட்டரில் இறங்கும் விரைவுச் சாலை 2017-இல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டு, முடிவுத் தேதிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கின் மேற்கு வாயிலில் நாக்துங்காச் சுரங்கம் 2.7 கிலோமீட்டர், 2024 ஏப்ரலில் இருபுறமிருந்தும் தோண்டிய துளைகள் சந்தித்தன.

என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. 1964-இல் அமெரிக்க உதவியோடு ஹேடௌடாவிலிருந்து காத்மாண்டுவுக்கு 42 கிலோமீட்டர் நீளத்துக்குச் சரக்குக் கயிற்றுப்பாதை கட்டினார்கள். நாட்டின் சொந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது. மண் சரிந்தாலும் அதன் தொட்டிகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். நிர்வாகமும் பராமரிப்பும் நலிந்து, லாரியோடு போட்டியிட முடியாமல் அது நின்றுபோயிற்று. துருப்பிடித்த அதன் தூண்களைச் சரிவில் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பனிமலர்:

நான் கல்லூரி மாணவி. எனக்கு ஓர் ஐயம். தெற்கே இவ்வளவு சிக்கல் இருக்கும்போது, நேபாளம் வடக்கே சீனா வழியாகச் சரக்கைக் கொண்டுவர முடியாதா? 2016-இல் அதற்கென ஒப்பந்தம் ஆனதாகப் படித்தேன்.

கடற்சட்டம்:

நல்ல கேள்வி, மகளே. 2015 முற்றுகையின் நேரடி விளைவுதான் அந்த ஒப்பந்தம். 2019 ஏப்ரலில் அதன் நெறிமுறையும் கைச்சாத்தானது. அதன்படி தியன்ஜின், ஷென்சென், லியென்யுன்காங், ஜான்ஜியாங் ஆகிய நான்கு கடல் துறைமுகங்களையும், மூன்று உலர் துறைமுகங்களையும் நேபாளம் பயன்படுத்தலாம். சட்ட நோக்கில் இது பெரிய மாற்றம், ஏனெனில் ஒரே இடைவழி நாடு என்ற நிலை காகிதத்திலாவது முடிந்தது.

ஆனால் தியன்ஜின் நேபாள எல்லையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றது. நடுவில் திபெத் மேட்டுநிலம். அங்கிருந்து இறங்கும் வாயில்கள் இரண்டுதான் ஓரளவு பெரியவை. தாதோபானி 2015 நிலநடுக்கத்தில் மூடி 2019 மே மாதத்தில்தான் திறந்தது. ரசுவாகடியில் 2025 ஜூலை 8 அன்று வந்த வெள்ளம் இரு நாட்டையும் இணைத்த பாலத்தையே கொண்டுபோய்விட்டது. அங்கே நின்றிருந்த கன்டெய்னர்களும் புதிய மின்வாகனங்களும் ஆற்றோடு போயின. சீனாவிலிருந்து நேபாளத்துக்கு நேராக வரும் பொருளுக்கு அவ்வழி பயன்படும். மூன்றாம் நாட்டுச் சரக்குக்குக் கொல்கத்தாவின் இடத்தை அது பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. எனினும், இரண்டாவது கதவு இருக்கின்றது என்பதே முதல் கதவுக்காரரோடு பேசும் பேச்சில் கொஞ்சம் பலம் தரும்.

உப்பளக்காற்று:

அந்தப் பலம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒன்று சொல்லலாம். பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு வரும், நெடுங்காலம் பேச்சளவில் கிடந்த எண்ணெய்க் குழாய், 2015-க்குப் பிறகு வேகம் பிடித்தது. 69 கிலோமீட்டர், 2019 செப்டம்பரில் திறந்தார்கள், குறித்த காலத்தில் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். அதற்குமுன் டீசலில் பெரும்பகுதி டாங்கர் லாரியில் ரக்ஸௌல் நெரிசலில் வந்துகொண்டிருந்தது. வழியில் சிந்துவதும் திருடுவதும் நின்றன; பாலத்தில் யார் உட்கார்ந்தாலும் குழாய்க்குள் எண்ணெய் வரும். வால்வு இன்னும் இந்தியப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கடற்சட்டம் ஐயா சொல்வார், உண்மைதான்.

கயிற்றுப்பாதையை நினைத்து வருந்திய பொறியாளர் ஐயாவுக்கு ஆறுதலாக ஒரு சொல்: சொந்த மின்சாரத்தில் ஓடும் போக்குவரத்து வேறு வடிவில் திரும்பி வருகிறது. காத்மாண்டுவில் 1990-களிலேயே மின்கல டெம்போக்கள் ஓடின. பெண்கள் பலர் அவற்றை ஓட்டினார்கள். இப்போது நேபாளத்தில் புதிதாக இறக்குமதியாகும் கார்களில் பெரும்பகுதி மின்வாகனங்கள். மலைப்பாதைகளில் மின் மைக்ரோபஸ்கள் ஓடுகின்றன. சுமை லாரி அந்த நிலையை எட்டினால், எல்லை தாண்டி வர வேண்டிய பொருள்களில் மிகக் கனமான ஒன்று குறையும்.

பேரேடு:

இழையைத் தொடங்கியபோது முடிச்சு உள்ளேதான் என்று எழுதினேன். அதை இப்போது மாற்றிக்கொள்கிறேன். 2015-இல் நாலரை மாதம் வண்டி ஓட்டாமல் தவணை கட்டிய லாரிக்காரர்தான் 2018-இல் தன் முறையை விடமாட்டேன் என்று சாலையில் இறங்கியவர். எல்லை எப்போது அடைபடும் என்று தெரியாத தொழிலில், முறைவரிசை ஒன்றுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த வருமானம். ஆகவே சங்கத்தை உடைக்க விரும்பும் அரசு, எல்லையின் நிச்சயத்தையும் மலைப்பாதையின் நிச்சயத்தையும் சேர்த்தே அவருக்குக் காட்டியாக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் 2018 போலத்தான் முடியும்.

என் பழைய குறிப்பேட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். தையல் இயந்திர உதிரிபாகங்கள் வந்த ஒரு பெட்டிக்கு மட்டும் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்: கொல்கத்தாவில் பதினொரு நாட்கள், ரயிலில் இரண்டு, சிர்சியாவில் ஆறு, லாரி முறைக்கு மூன்று, பாதையில் இரண்டு. இருபத்துநான்கு நாட்களில் சரக்கு நகர்ந்தவை நான்கு. ஒரு பெட்டியை வைத்து எதையும் நிறுவ முடியாது. சங்ககிரிச் சாலை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: பீர்கஞ்ச் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி 2018-இல் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் வண்டிகள் ரக்ஸௌலில் எத்தனை நாள் நின்றன என்பது டிரிப் ஷீட்டுகளில் இருக்குமா?

சங்ககிரிச் சாலை:

இருக்கிறது, ஐயா. அப்பா எதையும் எறிய மாட்டார். பரணில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். 2016-இன் கட்டு மட்டும் ஒழுகிய மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை இறக்கி, ரக்ஸௌல் சேர்ந்த தேதியையும் எல்லை கடந்த தேதியையும் மட்டும் எழுதி இங்கே இடுகிறேன்.